‘எல்லாத்தையும் விட்டுடு’ என்கிறார்கள்: எதை விடுவது, யாரிடம் விடுவது?

கேட்டவர் 47 வயதுப் பெண். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை, கீமோ எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். இப்போது திரும்ப வந்திருக்கிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். “பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ‘எல்லாத்தையும் அவன்கிட்ட விட்டுடு, பயம் தன்னால போயிடும்’ என்கிறார்கள். விடுவது என்றால் வைத்தியத்தை நிறுத்துவதா? அப்படி விட்டால் பயம் நிஜமாகவே போய்விடுமா?” என்பது கேள்வி.

வைத்தியத்தை நிறுத்த வேண்டியதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு குழப்பத்தால் கீமோவுக்கு வராமல் நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் உங்கள் விஷயத்தில், முதல் சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டு நோய் திரும்பியிருப்பதால், அதே பிளாட்டினம் வகை கீமோ மருந்துகள் மறுபடியும் வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. பயம் குறையுமா என்றால், குறையும். சுத்தமாகப் போய்விடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

நான் நோய்த் தணிப்பு சிகிச்சைக் குழுவோடு வீடு வீடாகப் போகிற நர்ஸ். பாலியேட்டிவ் கேர் என்பார்களே, அதுதான். இத்தனை வருடத்தில் ‘எல்லாத்தையும்’ ஒரே மூச்சில் விட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக, இன்ன விஷயத்தை இன்னாரிடம் என்று ஒப்படைத்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொள்ள ஆள் இருந்த வீட்டில் பயம் இறங்கியது. ஆள் இல்லாத வீட்டில் எத்தனை உபதேசம் கேட்டும் இறங்கவில்லை.

நம் ஊரில் நோயையும் பயமின்மையையும் சேர்த்துப் பேசினால் அப்பர் வந்துவிடுவார். ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்பதை உங்களிடமும் யாராவது பாடிக்காட்டியிருப்பார்கள். ஆனால் அவர் முதலில் பாடியது அது இல்லை. சேக்கிழார் சொல்லும் வரலாற்றின்படி, தருமசேனர் என்ற பெயரோடு சமணப் பள்ளியில் தலைமை நிலையில் இருந்தவருக்குச் சூலை நோய், அதாவது கடுமையான வயிற்று வலி, வந்தது. கூட இருந்தவர்கள் என்னென்னவோ செய்து பார்த்தும் வலி அடங்கவில்லை. சமையற்காரரை அனுப்பி அக்கா திலகவதியாருக்குச் சேதி சொன்னார். ‘நான் அங்கே வரமாட்டேன்’ என்று அக்கா சொல்லிவிட, ராத்திரியோடு ராத்திரியாக இவரே திருவதிகைக்குப் போய் அக்கா காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே பாடியதுதான் ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’. அதில் வீரம் தேடினால் கிடைக்காது. எமன் மாதிரி வதைக்கிறதே, விலக்க மாட்டேன் என்கிறீரே, குடலை முடக்குகிறதே, தாங்கவில்லையே என்கிற கதறல் அது. நமனை அஞ்சோம் என்ற பாட்டு பிறகு வந்தது. வலி தீர்ந்து, பல்லவ மன்னன் ஆளனுப்பி மிரட்டியபோது பாடியது. ஒரு ஆளைத் தேடிப் போனார், வலிக்கிறது என்று வாய்விட்டுக் கதறினார், வலி நின்றது. தைரியம் அதற்கப்புறம்தான். உங்களிடம் முதல் நாளே இரண்டாவது பாட்டைப் பாடச் சொல்கிறவர்களுக்கு இந்த வரிசை மறந்துபோய்விட்டது.

அதனால் வலியிலிருந்து ஆரம்பியுங்கள். வலி இருக்கிற உடம்பிடம் மனப்பக்குவம் பேசுவது எனக்குப் பிடிக்காத வேலை. பல வீடுகளில் ‘மார்ஃபின் எழுதிட்டாங்களா, அப்போ முடிஞ்சுது’ என்று நினைத்து மாத்திரையை அலமாரியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். மார்ஃபின் வலிக்கான மருந்து. கடைசிக் கட்டத்துக்கான அறிவிப்பு இல்லை. வலி குறைந்தால் அளவையும் டாக்டர் குறைப்பார். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் இதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். வலி தலைக்கேறும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போடுவதைவிட, சொன்ன நேரத்துக்குப் போடுவதுதான் முறை. மலச்சிக்கல் அநேகமாக எல்லாருக்கும் வரும். அதற்கான மருந்தையும் அதே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறந்துவிடுகிறார்கள், அப்புறம் நோயாளி ‘மார்ஃபின் ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறார்.

மூச்சுத் திணறலும் அப்படித்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டும்போது வருகிற பயம் எந்தத் தத்துவத்துக்கும் கட்டுப்படாது. எழுந்து உட்கார்ந்து, முன்னால் ஒரு தலையணையை வைத்து அதன் மேல் கைகளைப் போட்டுச் சாய்ந்துகொண்டு, கையடக்க விசிறியை மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராகப் பிடித்தால் திணறல் கணிசமாகத் தணியும். முகத்தில் காற்று படுவது மூளைக்கு மூச்சு வருகிறது என்று சேதி சொல்கிறது. உங்கள் நோயில் வயிற்றில் நீர் கோப்பது உண்டு. அதனால் மூச்சு முட்டினால் நீரை ஊசி மூலம் எடுத்துவிட முடியும். எடுத்த அன்றைக்கே ஆள் வேறு மாதிரி பேசுவார்.

நோயோடு சேர்த்து இப்படித் தொந்தரவுகளையும் கவனிப்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான புற்றுநோய் சிகிச்சை மட்டும். இன்னொன்றுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த் தணிப்பு சிகிச்சையும். இரண்டாவது குழுவில் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. ஆனாலும் அவர்கள்தான் கூடுதலாக வாழ்ந்தார்கள்: இடைநிலைக் கணக்கில் (பாதிப்பேர் தாண்டிய அளவு) 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். பிடியைத் தளர்த்தினால் ஆயுசு குறைந்துவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

வலி அடங்கிய பிறகு பயத்தைப் பிரிக்கலாம். ‘பயமா இருக்கு’ என்கிறவரிடம் ‘எதுக்கு?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தால், சாவு என்ற பதில் அபூர்வமாகத்தான் வரும். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், தொண்டையில் புற்றுநோய். தூக்க மாத்திரை போட்டும் தூங்கவில்லை. பேச முடியாது, சிலேட்டில் எழுதிக் காட்டுவார். எதற்குப் பயம் என்று கேட்டதற்கு ‘டப்பா’ என்று எழுதினார். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே மகளின் வளையல்களை அடகு வைத்த சீட்டுகள். மருமகனுக்குத் தெரியாமல் மகள் கழற்றிக் கொடுத்தது, அதை மீட்காமலே ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டால் சீட்டு யார் கையில் கிடைக்கும், வீட்டில் என்ன ரகளை நடக்கும் என்பதுதான் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மகளைக் கூப்பிட்டோம். அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தேதியைத் தொட்டுக் காட்டி, மகள் கையில் வைத்தார். கடைசிச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, ‘இதெல்லாம் எனக்குத் தெரியும்பா, அவருக்கும் தெரியும்’ என்றாள் அவள். சிலேட்டில் என்னவோ எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டார். அன்று ராத்திரி தூங்கினார் என்று மறுநாள் போனில் சொன்னார்கள். நோய் கொஞ்சமும் குறையவில்லை.

உங்கள் பயத்தையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒன்று மட்டும் நிச்சயம் உள்ளே இருக்கும்: ‘இது என் மகளுக்கும் வருமா?’ கேள்வியில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் சினைப்பைப் புற்றுநோய் வந்த அம்மாக்கள் எல்லாரும் கேட்பதுதான். இதற்குப் பதில் தேட வழி இருக்கிறது. இந்த நோயில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது. பிஆர்சிஏ என்ற மரபணுப் பரிசோதனையை உங்களுக்கு இன்னும் செய்யவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். அதில் மாற்றம் இருந்தால் ஓலாபாரிப் மாதிரியான மாத்திரைகள் உங்கள் சிகிச்சைக்கே பயன்படலாம். மகளுக்குப் பரிசோதனை வேண்டுமா என்பதை அவள் வளர்ந்த பிறகு, மரபணு ஆலோசகரோடு பேசி, அவளே முடிவு செய்யட்டும். இப்போது பரீட்சை எழுதட்டும்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எத்தனை நாள் சிஸ்டர்?’ என்று கேட்காத வீடு இல்லை. இணையத்தில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு அதையே தினமும் சாப்பிட்டு, அதன் மேலேயே படுக்கிறவர்கள் உண்டு. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியலாளருக்கு 1982-இல், 40 வயதில், வயிற்று மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய். புத்தகங்கள் சொன்ன இடைநிலை ஆயுள் எட்டு மாதம். கணக்குத் தெரிந்தவர் என்பதால் அவர் அதன் உள்ளே போய்ப் பார்த்தார். எட்டு மாதம் இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்கு மேல் வாழ்கிறார்கள், அதிலும் சிலர் வெகுதூரம் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். அவர் 2002 வரை இருந்தார், இருபது வருடம். கடைசியில் போனதும் வேறொரு புற்றுநோயால். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. அந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது, உங்களைப் பற்றிய ஜாதகம் இல்லை. எண்ணைப் பார்ப்பதை டாக்டரிடம் விட்டுவிடலாம். ‘எனக்குத் தெரிய வேண்டிய நேரத்தில் நீங்களே சொல்லுங்கள்’ என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல டாக்டர்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

‘அவன்கிட்ட விட்டுடு’ என்கிறவர்கள் உதாரணத்துக்கு ரமண மகரிஷியை இழுப்பார்கள். திருவண்ணாமலையில் 1949 தொடக்கத்தில் அவருடைய இடது முழங்கை அருகில் சிறிய கட்டி தெரிந்தது. வெட்டி எடுத்தார்கள், மறுபடி வளர்ந்தது. சார்கோமா என்ற புற்று. அந்த ஒரே வருடத்தில் நான்கு முறை அறுவை நடந்தது, ரேடியம் சிகிச்சையும் கொடுத்தார்கள். நடுவில் பச்சிலைக்காரர்கள், ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று யார் யாரோ வந்தார்கள். அவர் யாரையும் விரட்டவில்லை. கையையே எடுத்துவிடலாம் என்றபோது மட்டும் வேண்டாம் என்றார். உடம்பே ஒரு நோய்தானே, அதை ஏன் ஊனமாக்க வேண்டும், அது இயல்பாக முடியட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அழுதுகொண்டு வந்தவர்களிடம், நான் எங்கே போவது, இங்கேதான் இருக்கிறேன் என்றார். கடைசிவரை தரிசனத்தை நிறுத்த விடவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு, வெளியே பக்தர்கள் ‘அருணாசல சிவ’ பாடிக்கொண்டிருக்க, உயிர் பிரிந்தது.

இதில் நான் கவனிப்பது வேறு. வைத்தியத்தை அவர் வைத்தியர்களிடம் விட்டார். கவலைப்படுவதை, கவலைப்பட்டே தீருவேன் என்றவர்களிடம் விட்டார். தனக்கென்று ஒரே ஒரு முடிவை மட்டும் வைத்துக்கொண்டார், கையை எடுக்கக் கூடாது என்பதை. சரி, ஆனால் அவர் மாதிரி இருக்க வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மதுரையில் 16 வயதில், 1896-இல், திடீரென்று சாவு பயம் பிடித்தபோது, பிணம் மாதிரி விறைத்துப் படுத்துக்கொண்டு ‘சாவது எது?’ என்று பார்த்தவர் அவர். கட்டி வந்தபோது அந்தக் கேள்விக்கு வயது 53. உங்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ, மகளுக்கு டியூஷன், காலையில் இட்லி மாவு புளித்ததா என்ற கவலை. இரண்டையும் ஒப்பிடுவது நியாயமே இல்லை.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இதைச் செய்கிறார்கள். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1776-இல் வயிற்று நோயால் இறந்துகொண்டிருந்தார். சாகும்போதாவது பயப்படுகிறாரா என்று பார்க்க ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற எழுத்தாளர் ஜூலையில் அவர் வீட்டுக்குப் போனார். ஹியூம் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், கலங்கிப்போய்த் திரும்பியவர் பாஸ்வெல்தான். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பலருக்கும் இதே கதை. உங்களிடம் ‘விட்டுடு’ என்று சொல்கிறவர்கள் தங்கள் பயத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடினமானது வேறு இருக்கிறது: வீட்டில் நாம் பிடித்து வைத்திருக்கும் இடம். ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர், மார்பிலிருந்து எலும்புக்குப் பரவிய நோய். கட்டிலைச் சமையலறை தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே மருமகளுக்கு உத்தரவு போடுவார். ‘புளியை இன்னும் கரைச்சு ஊத்து’, ‘தாளிப்பு கருகுது பாரு’. சத்தம் போட்டுச் சத்தம் போட்டு மூச்சு வாங்கும். எலும்பு வலியைவிட, தன் கை இல்லாமலே குழம்பு கொதிக்கிறது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒருநாள் மருமகள் கரண்டியில் கொஞ்சம் கொண்டுவந்து, ‘அத்தை, உப்பு மட்டும் நீங்க சொல்லுங்க, மத்தது நான் பாத்துக்கறேன்’ என்றாள். அன்றிலிருந்து உப்பு பார்ப்பது மட்டும் அந்த அம்மா வேலை. அடுத்த முறை நாங்கள் போனபோது கட்டில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. மருமகள் வைக்கிற குழம்பு நிஜமாகவே சுமார்தான், எனக்கும் ஒருநாள் கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் அந்த மருமகள் இடத்தில் இருக்கப்போவது உங்கள் மகள். பரீட்சை முடியும் வரை அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று மறைத்து வைத்திருப்பீர்கள், இல்லையா? பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். மாத்திரைப் பட்டையில் இருக்கும் பெயரை அவள் எப்போதோ போனில் தேடிப் பார்த்திருப்பாள். ஒன்றுமே இல்லாத மாதிரி நீங்களும், எதுவும் தெரியாத மாதிரி அவளும் நடித்துக்கொண்டு, ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருப்பீர்கள். ‘திரும்ப வந்திருக்கு, மருந்து இருக்கு, போட்டுக்கிட்டு இருக்கேன், எதாவது மாறினா உன்கிட்ட முதல்ல சொல்வேன்’ என்ற அளவுக்குப் போதும். கடைசியாகச் சொன்னதைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தைரியமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் விட்டுவிடலாம். ‘பாசிட்டிவா இருந்தா நோய் குணமாகும்’ என்று சொல்லிச் சொல்லி, அழுதால் கட்டி வளர்ந்துவிடுமோ என்று பயந்து அழாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அழுவதால் கட்டி வளராது. ‘என்ன பாவம் செஞ்சேனோ’ என்பதும் இதே வகைதான். செல்லில் நடக்கும் பிழைக்கும் நீங்கள் மாமியாரிடம் எப்போதோ பேசிய பேச்சுக்கும் சம்பந்தம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. விட்டுவிட்டதும் மனம் வெறுத்துப்போனதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பேரும் அமைதியாக இருப்பார்கள், இரண்டு பேரும் ‘எனக்கு ஒண்ணும் வேணாம்’ என்பார்கள். வித்தியாசம் சின்ன விஷயங்களில் தெரியும். விட்டவருக்கு வாய்க்கு ருசி கேட்கும், பேரன் என்ன வரைந்தான் என்று பார்க்கத் தோன்றும், சீரியலில் யார் செத்தார்கள் என்று விசாரிப்பார். வெறுத்தவருக்கு எதுவுமே ஒட்டாது. விடிகாலையில் எழுந்துவிட்டு, பெற்ற பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். இரண்டு வாரம் இப்படிப் போனால் அது பக்குவம் இல்லை, மனச்சோர்வு. மருந்து இருக்கிறது, வேலையும் செய்யும். டாக்டரிடம் உடனே சொல்லத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள்.

இன்னொன்று காகித வேலை. வென்டிலேட்டர் வேண்டுமா, நெஞ்சை அமுக்கிப் பார்க்க வேண்டுமா என்ற முடிவுகளை, உங்களால் பேச முடியாத நேரத்தில் கணவரோ அண்ணனோ ஐசியு வாசலில் நின்று எடுக்க வேண்டிவரும். முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அங்கீகரித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். உங்களுக்காக முடிவு சொல்லக்கூடியவர் யார் என்று அதில் பெயர் எழுதலாம். உடம்பு நன்றாக இருக்கும்போது எழுதுவதுதான் நல்லது. சாவைக் கூப்பிடுகிற மாதிரி என்று வீட்டில் சத்தம் போடுவார்கள், போடட்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது, அந்த ஆஸ்பத்திரியிலேயே நோய்த் தணிப்புப் பிரிவு இருக்கிறதா, இந்தக் கீமோவோடு சேர்த்து இப்போதே அங்கேயும் பார்க்கலாமா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனை என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த் தணிப்பு சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். போவதற்கு முதல் நாள் ராத்திரி, எதற்கெல்லாம் பயம் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் அதை யாரிடம் கொடுக்கலாம் என்று ஒரு பெயர் போடுங்கள். பெயர் கிடைக்காத வரிகளைத்தான் நோய்த் தணிப்புப் பிரிவு நர்ஸிடம் முதலில் காட்ட வேண்டும்.